நோயெதிர்ப்பு ஆய்வில் பல துறையினர் சேர்ந்து வேலை செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் மருத்துவ ஆய்வில் புதிதாகச் சேரும் மாணவர்கள், வார்டில் ரத்தம் எடுக்கும் தாதியர், ஆய்வுக்கூட ஊழியர்கள், ஆய்வுக்கு ரத்தம் கொடுக்கச் சம்மதமா என்று கேட்கப்பட்ட நோயாளிகள், அவர்களுடைய பிள்ளைகள் என எல்லாரும் ஏறத்தாழ ஒரே சந்தேகங்களைத்தான் எழுப்புகிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே தொகுத்திருக்கிறோம். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால். சில பதில்கள் முந்தைய பதிலைத் தொட்டுச் செல்லும் என்பதால் எண் போட்டிருக்கிறோம்.

1. நோயெதிர்ப்பியல் படிச்சவங்களே ஆராய்ச்சி பண்ணிக்கலாமே? எதுக்கு இத்தனை துறை ஆளுங்க?

நோயெதிர்ப்பு மண்டலம் ஒரே உறுப்புக்குள் அடங்கியது அல்ல. எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் வெள்ளை அணுக்கள் ரத்தத்தில் ஓடி, நிணநீர்க் கணுக்களில் தங்கி, தோல், குடல், நுரையீரல், சிறுநீரகம் என்று எங்கும் வேலை செய்கின்றன. நோயெதிர்ப்பு மண்டலமே உடம்பைத் தாக்கும் லூப்பஸ் நோய் உள்ளவருக்கு மூட்டு வலித்தால் வாதநோய் நிபுணர் பார்க்கிறார். சிறுநீரில் புரதம் போனால் சிறுநீரக நிபுணர் பார்க்கிறார். முகத்தில் செந்தடிப்பு வந்தால் தோல் நிபுணர் பார்க்கிறார். நோய் ஒன்றுதான். அதன் முழு உருவம் எவர் கையிலும் தனியாக இல்லை.

ஆய்வுக்கூடத்தில் இருப்பவருக்கு அணுக்களைத் தெரியும். அவை வந்த உடம்பில் அன்று காலை என்ன மருந்து போயிருந்தது என்று தெரியாது. டாக்டருக்கு அது தெரியும். ஆனால் எடுத்த ரத்தம் எத்தனை மணி நேரம் மேசைமேல் கிடந்தது என்று தெரியாது. தரவைக் கணக்கிடும் புள்ளியியலாளருக்கு இரண்டும் தெரியாது, யாராவது சொன்னால் ஒழிய. மனித நோய் ஆய்வுகள் கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரு துறைக்குள் நடக்கும் பிழையால் அல்ல, ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாறும் இடத்தில்தான் என்பது எங்கள் உறுதியான கருத்து. கீழே வரும் பதில்களில் பாதி அந்த இடங்களைப் பற்றியவை.

2. அப்போ ஒரு குழுவுல குறைஞ்சது யார் யார் இருக்கணும்?

நோயாளியைப் பார்க்கும் மருத்துவர், நோயெதிர்ப்பியல் ஆய்வாளர், மருத்துவ ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர், புள்ளியியல் அல்லது உயிர்த்தகவலியல் (உயிரியல் தரவைக் கணினியால் ஆராயும் துறை) தெரிந்தவர், ஆய்வுத் தாதி அல்லது ஒருங்கிணைப்பாளர். இந்த ஐவர் இல்லாமல் மனித நோய் பற்றிய ஆய்வைத் தொடங்காதீர்கள். நோயைப் பொறுத்து இன்னும் சிலர் சேர்வார்கள்: திசுவைப் படிக்க நோய்க்குறியியல் நிபுணர், விலங்கிலிருந்து தொற்றும் நோயென்றால் கால்நடை மருத்துவர், கொசு பரப்பும் நோயென்றால் பூச்சியியலாளர்.

ஐவரில் எல்லாரும் மறந்துவிடுவது ஆய்வுத் தாதியைத்தான். நோயாளியிடம் சம்மதம் பெறுவது, சரியான நேரத்தில் ரத்தம் எடுப்பது, டியூப்பில் குறியீடு ஒட்டுவது, ஆறு மாதம் கழித்து அதே நோயாளியை மறுபடி வரவழைப்பது எல்லாம் அவர் கையில் இருக்கிறது. திட்டம் தீட்டும் முதல் கூட்டத்துக்கே அவரைக் கூப்பிடுங்கள். ‘இந்த வார்டில் காலை ஏழு மணிக்கு ரத்தம் எடுக்க முடியாது, அது ஷிஃப்ட் மாறும் நேரம்’ என்று அவர்தான் சொல்வார்.

3. இதெல்லாம் வெளிநாட்டுல நடக்கும். நம்ம மலேசியாவுல நடந்திருக்கா?

நிப்பா வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டதே அப்படித்தான். 1998 இறுதியில் ஈப்போ வட்டாரத்திலும் பிறகு நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக்கிலும் பன்றிப் பண்ணைத் தொழிலாளர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. முதலில் அது கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதி, தடுப்பூசி போட்டார்கள், புகை அடித்தார்கள். ஆனால் படுத்தவர்கள் குழந்தைகள் அல்ல, பன்றியைக் கையாண்ட பெரியவர்கள். தடுப்பூசி போட்டவர்களுக்கும் வந்தது. பன்றிகளும் மூச்சுத்திணறி இருமின. நரம்பியல் மருத்துவர், நோய்ப்பரவலியலாளர், கால்நடை மருத்துவர் மூவரும் பார்த்தவற்றைச் சேர்த்து வைத்தபோதுதான் ‘இது வேறு நோய்’ என்பது உறுதிப்பட்டது.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் ஒரு நோயாளியின் தண்டுவட நீரிலிருந்து வைரஸைப் பிரித்தெடுத்தார். அது ஆஸ்திரேலியாவில் காணப்பட்ட ஹெண்ட்ரா வைரஸின் உறவு என்பதை அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தில் செய்த சோதனைகள் காட்டின. அந்த உறவு தெரிந்ததும் சந்தேகம் பழந்தின்னி வௌவால்கள் பக்கம் திரும்பியது. தியோமான் தீவில் வௌவால்கள் தங்கும் மரங்களுக்கு அடியில் பிளாஸ்டிக் விரித்துச் சிறுநீரைச் சேகரித்து, அதிலிருந்தே வைரஸைப் பிரித்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த, பத்து லட்சம் பன்றிகள் அழிக்கப்பட்ட ஒரு நோய் அது. ஒரே துறை அதை அவிழ்த்திருக்க முடியாது.

அமைதியாக நடந்த வேலைகளும் உண்டு. யானைக்கால் நோய்க்குக் காரணமான புரூகியா புழுவைக் கண்டறிய முன்பு இரவில் போய் ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் அதன் குஞ்சுகள் பெரும்பாலும் இரவில்தான் ரத்தத்தில் திரியும். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ரஹ்மா நூர்டின் குழு, புழுவின் ஒரு புரதத்தைச் செயற்கையாகத் தயாரித்து, அதற்கு எதிரான ஐஜிஜி4 வகை ஆன்டிபாடியை (நோய்க்கிருமியை எதிர்க்க உடம்பு உருவாக்கும் புரதம்) பகலிலேயே நிமிடங்களில் காட்டும் சோதனைப் பட்டையை உருவாக்கியது. ஒட்டுண்ணியியல், மூலக்கூறு உயிரியல், நோயெதிர்ப்பியல், களப்பணி நான்கும் அதற்குள் இருக்கின்றன.

4. எலியில நிரூபிச்சாச்சுன்னா போதாதா? மனுஷ ரத்தத்துக்கு ஏன் இவ்வளவு அலையணும்?

எலி இல்லாமல் இன்றைய நோயெதிர்ப்பியல் இல்லை. ஆனால் மனித ரத்தத்தின் வெள்ளை அணுக்களில் பாதிக்கு மேல், கிருமியை முதலில் தாக்கும் நியூட்ரோஃபில். எலியில் பெரும்பகுதி, கிருமியை அடையாளம் கண்டு நினைவில் வைக்கும் லிம்ஃபோசைட். ஆய்வுக்கூட எலி கிருமியற்ற கூண்டில் வளர்கிறது. அதே எலி இனத்தைக் கடையில் விற்கும் எலிகளோடு சேர்த்து வளர்த்தால், அதன் டி செல்கள் (லிம்ஃபோசைட்டில் ஒரு வகை) வளர்ந்த மனிதருடையதைப் போல மாறுவது 2016இல் காட்டப்பட்டது.

குரங்குகூடப் போதாமல் போனதுண்டு. 2006 மார்ச்சில் லண்டனில் டிஜிஎன்1412 என்ற மருந்து ஆரோக்கியமான ஆறு பேருக்கு முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. குரங்குகள் தாங்கிய அளவில் ஐந்நூறில் ஒரு பங்குதான் கொடுத்தார்கள். சில மணி நேரத்தில் ஆறு பேருக்கும் சைட்டோகைன் (நோயெதிர்ப்புச் செல்கள் ஒன்றுக்கொன்று சைகை அனுப்பச் சுரக்கும் புரதம்) புயல் அடித்து, உறுப்புகள் செயலிழந்தன. தீவிர சிகிச்சைக்குப் பிறகு உயிர் பிழைத்தார்கள். மருந்து பற்றவேண்டிய சிடி28 புரதம், மனிதரின் நினைவு டி செல்களில் இருக்கிறது. சோதித்த குரங்கின் அதே வகைச் செல்களில் இல்லை. இது பின்னர்தான் தெரிந்தது.

5. இப்படிச் சேர்ந்து வேலை செஞ்சு மருந்து வரைக்கும் போயிருக்கா?

போயிருக்கிறது. லண்டன் கென்னடி கழகத்தில் நோயெதிர்ப்பியலாளர் மார்க் ஃபெல்ட்மனும் வாதநோய் மருத்துவர் ரவீந்தர் மைனியும் சேர்ந்து, முடக்குவாத நோயாளிகளின் மூட்டுச் சவ்விலிருந்து எடுத்த செல்களை வளர்த்தார்கள். டிஎன்எஃப் என்ற ஒரே சைட்டோகைனைத் தடுத்ததும் மற்ற அழற்சிச் சைட்டோகைன்களும் அடங்கின. 1992இல் நோயாளிகளுக்கு முதல் சோதனை நடந்தது. இன்று கோலாலம்பூர் வாதநோய்க் கிளினிக்கில் போடப்படும் டிஎன்எஃப் தடுப்பு ஊசிகளின் தொடக்கம் அது.

அங்கேயும் அடுத்த துறை தேவைப்பட்டது. உடம்பில் உறங்கும் காசநோய்க் கிருமியைச் சுவர் கட்டி அடைத்து வைப்பதில் டிஎன்எஃப்புக்குப் பங்கு உண்டு. அதைத் தடுத்தால் சுவர் இடிகிறது. அதனால்தான் நம் நாட்டில் அந்த ஊசிக்கு முன் நெஞ்சு எக்ஸ்ரேயும் காசநோய்ப் பரிசோதனையும் செய்கிறார்கள். ‘மூட்டு வலிக்கு ஏன் நெஞ்சுப் படம்’ என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

6. ரத்தம் எடுக்கிறதுல என்ன இருக்கு? எந்த டியூப்பா இருந்தா என்ன?

மொத்த ஆய்வும் இங்கேதான் நிற்கிறது அல்லது விழுகிறது. பச்சை மூடி டியூப்பில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் இருக்கும். செல்களை உயிரோடு பிரித்து, தூண்டிவிட்டுப் பார்க்கும் வேலைக்கு அதுவே ஏற்றது. ஆனால் ஹெப்பரின், மரபணுவைப் பெருக்கிக் காட்டும் பிசிஆர் வினையைத் தடுக்கும். ஊதா மூடியில் ஈடிடிஏ என்ற இன்னொரு உறைதடுப்பான். மரபணு வேலைக்கும் செல் எண்ணிக்கைக்கும் நல்லது. அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதாலும், டி செல் தூண்டப்படக் கால்சியம் தேவை என்பதாலும், முழு ரத்தத்தை அப்படியே தூண்டிப் பார்க்கும் சோதனைக்கு உதவாது. சிவப்பு அல்லது மஞ்சள் மூடி சீரத்துக்கு, அதாவது ரத்தம் உறைந்தபின் மேலே நிற்கும் தெளிந்த நீருக்கு. ரத்தம் உறையும்போது தட்டணுக்கள் உடைந்து தங்களிடம் உள்ள புரதங்களைக் கொட்டுவதால், சில அளவுகள் பிளாஸ்மாவைவிட (உறையாத ரத்தத்தின் நீர்ப்பகுதி) சீரத்தில் கூடுதலாக வரும். நோயாளிகளிடம் சீரமும் ஒப்பீட்டுக் குழுவிடம் பிளாஸ்மாவும் எடுத்துவிட்டு ஒப்பிட்டால், நீங்கள் காண்பது நோயை அல்ல, டியூப்பை.

எடுத்தவுடன் டியூப்பை எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கக் கூடாது. சைட்டோகைன் அளக்கப் போகிறீர்கள் என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரியுங்கள். டியூப்பில் கிடக்கும் செல்கள் உயிரோடுதான் இருக்கின்றன. அவை தொடர்ந்து சுரக்கும், உறிஞ்சும். செல் வேலைக்கு எட்டு மணி நேரத்துக்குள் பிரிப்பது நல்லது. இருபத்து நான்கு மணி நேரத்தைத் தாண்டினால் அந்த மாதிரியைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

7. செபராங் ஜெயாவுல எடுத்த ரத்தத்தை ஐஸ் பெட்டியில வச்சுத்தான் பினாங்குத் தீவுக்கு அனுப்புறோம். அப்படியும் செல் கெட்டுப் போச்சுங்கறாங்க. ஏன்?

ஐஸில் வைத்ததுதான் காரணமாக இருக்கக்கூடும். மீனுக்கும் பிளாஸ்மாவுக்கும் குளிர் நல்லது. உயிருள்ள வெள்ளை அணுக்கள் நிறைந்த முழு ரத்தத்துக்கு நல்லதல்ல. குளிர்ந்தால் தட்டணுக்கள் தூண்டப்பட்டு ஒட்டிக்கொள்ளும். குளிரிலோ நேரம் கடந்தோ கிரானுலோசைட்டுகளின் (நியூட்ரோஃபில் போன்றவை) அடர்த்தி மாறி, பிரிக்கும்போது அடியில் போகவேண்டியவை லிம்ஃபோசைட் அடுக்கில் வந்து கலக்கும். அப்படிக் கலந்தவை டி செல்களை அடக்குகின்றன. சோதனை முடிவில் ‘நோயாளியின் டி செல் பலவீனமாக இருக்கிறது’ என்று வரும். உண்மையில் பலவீனமானது பயணம்.

முழு ரத்தத்தை 18 முதல் 22 டிகிரிக்குள் அனுப்புங்கள். நம் வெயிலில் அதுவே பெரிய வேலை. நிறுத்தி வைத்த காருக்குள் வெப்பம் எளிதில் 40 டிகிரியைத் தாண்டும். 20 டிகிரியைச் சுற்றி நிலைநிறுத்தும் வெப்பப் பொதிகள் கிடைக்கின்றன. பெட்டிக்குள் சிறு வெப்பப் பதிவுக் கருவி ஒன்றையும் போட்டு அனுப்புங்கள். மாலையில் பினாங்குப் பாலத்து நெரிசலில் சிக்கும் நேரத்தையும் கணக்கில் சேர்த்து, காலை பத்து மணிக்குள் ரத்தம் எடுத்து முடிக்கும்படி வார்டோடு பேசி வையுங்கள்.

8. செல்லைப் பிரிச்சு உறைய வைக்கிற முறையை ஒரு தடவை சொல்லிடுங்களேன்.

ரத்தத்தை அதே அளவு உப்புக் கரைசலோடு கலந்து, அணுக்களை அடர்த்திப்படி பிரிக்க உதவும், 1.077 அடர்த்தியுள்ள ஃபிகால் திரவத்தின்மேல் கலங்காமல் ஊற்றுங்கள். மையவிலக்குக் கருவியில் 400 ஜி (புவியீர்ப்பைப் போல 400 மடங்கு) விசையில் 30 நிமிடம், சுமார் 20 டிகிரியில், பிரேக் இல்லாமல் சுழற்றுங்கள். பிரேக் போட்டால் அடுக்கு கலைந்துவிடும். நடுவில் தெரியும் வெண்படலத்தை எடுத்து இருமுறை கழுவுங்கள். ஆரோக்கியமானவரிடம் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்துக்குப் பத்து முதல் இருபது லட்சம் செல் கிடைக்கும். டெங்கிக் காய்ச்சலின் நடுவில் இருப்பவரிடம் அதைவிடக் குறையலாம்; அதற்கேற்பத் திட்டமிடுங்கள்.

உறைய வைக்க, உறையும்போது செல்லைக் காக்கும் டிஎம்எஸ்ஓ 10 சதவீதம், மீதி சீரம். ஒரு குப்பிக்கு 50 லட்சம் முதல் ஒரு கோடி செல். நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் குளிரும் பெட்டியில் மைனஸ் 80இல் ஓர் இரவு, பிறகு திரவ நைட்ரஜன் தொட்டி. மைனஸ் 80இலேயே வாரக்கணக்கில் விட்டுவிடுவதுதான் நாங்கள் அதிகம் கேள்விப்படும் தவறு; செல்கள் மெல்லச் சாகும். உருக்கும்போது நேர்மாறு: 37 டிகிரித் தண்ணீரில் வேகமாக, ஒரு சிறு பனித்துண்டு மிஞ்சும்வரை மட்டும்; பிறகு வெதுவெதுப்பான ஊடகத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். உயிருள்ளவை 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அந்தக் குப்பியின் முடிவை நம்பாதீர்கள்.

9. நோயாளி பத்தி லேபுக்கு என்னென்ன சொல்லணும்? பேரும் வயசும் போதாதா?

பெயர் ஆய்வுக்கூடத்துக்குப் போகவே கூடாது. குறியீடு மட்டும் போக வேண்டும். பெயரையும் குறியீட்டையும் இணைக்கும் பட்டியல் மருத்துவர் பக்கம் பூட்டி இருக்கட்டும். ஆய்வுக்கூடத்துக்கு வேண்டியவை வேறு: ரத்தம் எடுத்த நேரம், கடைசியாக ஸ்டீராய்டு எடுத்த நாளும் அளவும், மற்ற மருந்துகள், அண்மையில் போட்ட தடுப்பூசி, கர்ப்பம், கடந்த இரு வாரத்தில் காய்ச்சல் உண்டா. மூலிகை, லேகியம், சீன மருந்து எடுத்தாரா என்பதையும் கேளுங்கள். கடிந்துகொள்வது போலக் கேட்டால் நம் மக்கள் சொல்லமாட்டார்கள். சாதாரணமாகக் கேட்டால் சொல்வார்கள். ரத்தம் எடுத்த நேரம் ஏன் என்றால், உடம்பின் கார்ட்டிசால் ஹார்மோன் காலையில் ஏறி இரவில் இறங்குகிறது. ரத்தத்தில் ஓடும் லிம்ஃபோசைட் எண்ணிக்கையும் அதையொட்டி மாறுகிறது.

டெங்கி ஆய்வென்றால் இன்னும் இரண்டு. நாளை எண்ணும்போது மருத்துவமனையில் சேர்ந்த நாளிலிருந்து எண்ணாதீர்கள், காய்ச்சல் தொடங்கிய நாளிலிருந்து எண்ணுங்கள். இரண்டாம் நாள் ரத்தமும் ஆறாம் நாள் ரத்தமும் வெவ்வேறு நோய்களுடையது போலத் தோன்றும். அடுத்து, ‘கடுமையான டெங்கி’ என்பதை எந்த வரையறைப்படி குறிக்கிறீர்கள் என்று எழுதி வையுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் 1997 வகைப்பாடும் 2009 வகைப்பாடும் ஒரே நோயாளியை வெவ்வேறு குழுவில் போடக்கூடும்.

10. புள்ளியியல் ஆளை டேட்டா வந்த பிறகு கூப்பிட்டா போதும்தானே?

போதாது. அதற்குள் பிழை மாதிரிகளுக்குள் புகுந்திருக்கும். வழக்கமாக நடப்பது இதுதான்: நோயாளிகளின் மாதிரி முதலில் சேர்கிறது, எல்லாவற்றையும் ஜனவரியில் ஓட்டுகிறார்கள். ஒப்பீட்டுக் குழு மெதுவாகச் சேர்கிறது, அதை ஜூனில் ஓட்டுகிறார்கள். இடையில் ரசாயனம் மாறிவிட்டது, கருவியின் லேசர் சரிசெய்யப்பட்டது. இப்போது இரு குழுவுக்கும் உள்ள வேறுபாடு நோயினாலா, மாதத்தினாலா? எந்த மென்பொருளாலும் அதைப் பிரிக்க முடியாது.

முன்பே அழைத்திருந்தால் அவர் சொல்லியிருப்பார்: இரு குழுவையும் கலந்து ஓட்டுங்கள், ஒரே ஆரோக்கியமானவரின் செல்லைப் பல குப்பிகளில் உறைய வைத்து, ஒவ்வொரு முறையும் ஒரு குப்பியைச் சேர்த்து ஓட்டுங்கள். அந்தக் குப்பியின் அளவு மாறினால் மாறியது கருவி. பெரிய செலவில்லாத யோசனை இது, தொடக்கத்தில் கிடைத்தால்.

11. பத்தாயிரம் செல்லைத் தனித்தனியா அளந்திருக்கோம். நோயாளி மூணு பேர்தான். பரவாயில்லையா?

மூன்று நோயாளிகள் என்றால் உங்கள் எண்ணிக்கை மூன்று. ஒருவரிடமிருந்து வந்த பத்தாயிரம் செல்லும் அந்த ஒருவரைப் பற்றியே பேசுகின்றன. அவற்றைப் பத்தாயிரம் தனிச் சான்றுகளாகக் கணக்கிட்டால் எல்லாமே வியக்கத்தக்க அளவு ‘முக்கியமான வேறுபாடு’ என்று வரும்; அடுத்த குழு செய்து பார்க்கும்போது ஒன்றும் நிற்காது. ஒவ்வொரு நோயாளியின் செல்களையும் வகைவாரியாகக் கூட்டி, நோயாளிக்கு ஓர் எண்ணாக்கி ஒப்பிடுவது நேர்மையான வழி. பணம் குறைவென்றால் செல்லைக் குறைத்து நோயாளிகளைக் கூட்டுங்கள்.

12. எதுக்குன்னே தெரியாம மாதிரியைச் சேர்த்து வைக்கிறாங்களே, அது வீண் இல்லையா?

டெங்கித் தடுப்பூசி டெங்வாக்சியாவின் கதையைப் பாருங்கள். டெங்கி வைரஸ் நான்கு வகை. ஒரு வகை வந்து போனபின் வேறொரு வகை வரும்போது, பழைய ஆன்டிபாடி வைரஸைத் தடுக்காமல் செல்லுக்குள் ஏற்றிவிடக்கூடும் என்பது நெடுங்காலக் கருத்து. தடுப்பூசியே அந்த ‘முதல் தொற்று’ போல ஆகிவிடுமோ என்ற அச்சம் இருந்தது. அதைச் சோதிக்க, ஊசிக்கு முன் யாருக்கு டெங்கி வந்திருந்தது என்று தெரியவேண்டும். மலேசியாவும் பங்கெடுத்த அந்தப் பெரிய சோதனையில், ஊசிக்கு முந்தைய ரத்தம் ஒரு பகுதியினரிடம் மட்டுமே எடுக்கப்பட்டிருந்தது.

பிறகு பதின்மூன்றாம் மாதத்தில் எடுத்துச் சேமித்திருந்த ரத்தம் கைகொடுத்தது. அந்தத் தடுப்பூசியில் என்எஸ்1 என்ற வைரஸ் புரதம் டெங்கியுடையது அல்ல, மஞ்சள் காய்ச்சல் வைரஸுடையது. எனவே டெங்கி என்எஸ்1க்கு எதிரான ஆன்டிபாடி இருந்தால் பெரும்பாலும் இயற்கையாக டெங்கி வந்தவர். நோயெதிர்ப்பியலாளரின் இந்த யோசனையும் புள்ளியியலாளரின் கணக்கும் சேர்ந்தபோதுதான், முன்பு டெங்கி வராதவர்களுக்கு ஊசிக்குப் பின் கடும் டெங்கி ஆபத்து கூடுகிறது என்பது தெளிவானது. 2017 நவம்பரில் அது அறிவிக்கப்பட்டது. சேமித்த சிறு குப்பி வீண் அல்ல. ஆனால் எதற்குப் பயன்படலாம் என்று நோயாளியிடம் முன்பே சொல்லிச் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும்.

13. அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். ஆராய்ச்சிக்குக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க. போடலாமா?

புரிந்தபின் போடலாம், புரியாமல் போடக்கூடாது. தமிழில் தகவல் தாள் இருக்கிறதா என்று கேளுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வுக் குழுவைச் சேராத ஒரு சாட்சி முன்னிலையில் முழுவதையும் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது நற்செயல் நெறி. வீட்டுப் பிள்ளையே மொழிபெயர்த்தால் பல நேரம் ‘ஒண்ணுமில்லம்மா, கொஞ்சம் ரத்தம்தான்’ என்று சுருங்கிவிடுகிறது.

கேட்க வேண்டியவை: எவ்வளவு ரத்தம், எத்தனை முறை? மரபணுவைப் படிப்பார்களா? மிச்சத்தைச் சேமிப்பார்களா, வெளிநாட்டுக்கு அனுப்புவார்களா? ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது? மறுத்தாலும் சிகிச்சை குறையாது. பாதியில் விலகலாம், ஆனால் பெயர் நீக்கி ஏற்கெனவே கணக்கில் சேர்ந்துவிட்டதைத் திரும்ப எடுப்பது கடினம். சுகாதார அமைச்சு மருத்துவமனைகளில் நடக்கும் ஆய்வு தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகி, நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற்றிருக்க வேண்டும். பல்கலைக்கழகங்களுக்குத் தனிக் குழுக்கள் உண்டு. அனுமதி எண்ணைக் கேட்பது உங்கள் உரிமை, தயங்காதீர்கள்.

14. நாம இந்த நாட்டுல கொஞ்சம் பேர்தான். நம்ம ரத்தம் அவங்களுக்கு எதுக்கு?

கொஞ்சம் பேர் என்பதால்தான் வேண்டும். வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் கார்பமசிப்பின் சிலருக்குத் தோலே உரியும் கொடிய ஒவ்வாமையை உண்டாக்குகிறது. 2004இல் தைவானில் அப்படிப் பாதிக்கப்பட்ட 44 பேரைப் பார்த்தபோது, 44 பேரிடமும் எச்எல்ஏ-பி*15:02 என்ற மரபணு வகை இருந்தது. தென்கிழக்காசியாவில் பரவலான அந்த வகை ஐரோப்பியரிடம் மிக அரிது. ஐரோப்பியரை மட்டும் படித்திருந்தால் அது புலப்பட்டே இருக்காது. தோல் மருத்துவரும் நரம்பியல் மருத்துவரும் மரபியலாளரும் சேர்ந்ததால் கிடைத்த பலன் அது. இன்று மருந்துக்கு முன்பே சோதிக்க முடிகிறது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. படிவத்தில் ‘இந்தியர்’ என்ற ஒரே பெட்டிக்குள் தமிழர், தெலுங்கர், மலையாளி, பஞ்சாபியர், கலப்புக் குடும்பத்தவர் எல்லாரும் அடங்கிவிடுகிறார்கள். மரபணு ஆய்வில் தாத்தா பாட்டி நால்வரின் பூர்வீகத்தைக் கேட்டு எழுதுங்கள், பெட்டியை நம்பாதீர்கள்.

15. மாதிரியை வெளிநாட்டு லேபுக்கு அனுப்பலாமா?

சம்மதத் தாளில் அது இருக்க வேண்டும், நெறிமுறைக் குழு ஏற்றிருக்க வேண்டும், இரு நிறுவனங்களும் மாதிரி பரிமாற்ற ஒப்பந்தம் செய்திருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் மிச்ச மாதிரி யாருக்கு, தரவு யாருக்கு, கண்டுபிடிப்பின் உரிமை யாருக்கு என்று எழுதுங்கள். கையெழுத்தாக மாதக்கணக்கில் ஆகும். மாதிரி சேரத் தொடங்கும்போதே அதையும் தொடங்குங்கள். பொதிக்கு மூன்று அடுக்கு: கசியாத குப்பி, உறிஞ்சும் பொருளோடு கசியாத இரண்டாம் உறை, உறுதியான வெளிப்பெட்டி. வெளியே, உள்ளே இருப்பது உயிரியல் மாதிரி என்று காட்டும் யுஎன்3373 குறி. உலர்பனி வைத்தால் யுஎன்1845ம் சேர்த்து. உலர்பனிப் பெட்டியைக் காற்றுப்புகாமல் மூடாதீர்கள், வாயு சேர்ந்து வெடிக்கும்.

16. நோயாளி நல்லா இருக்கார்ங்கறார் டாக்டர். அழற்சி ஏறியிருக்குங்குது லேப். யார் சொல்றதை எடுக்கிறது?

முதலில் 6, 7, 9ஆம் பதில்களில் சொன்னவற்றைச் சரிபாருங்கள். டியூப், பயணம், மருந்து நேரம் என்ற மூன்றிலேயே பெரும்பாலான முரண்கள் தீர்ந்துவிடும். தீரவில்லை என்றால் புதிய மாதிரி எடுத்து இன்னொரு முறையில் அளங்கள். செல் அளவீட்டில் முரண் என்றால் இருவரும் ஒரே கோப்பைத் திறந்து, செல் வகைகளைப் பிரிக்க வரைபடத்தில் எங்கே கோடு போட்டார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அதற்குப் பிறகும் முரண் நின்றால் மகிழுங்கள். புதிதாக ஒன்று அங்கே இருக்கலாம். கோவிட்டில் மோசமாகப் படுத்த 987 பேரில் 101 பேரிடம், வைரஸை எதிர்க்கும் தங்கள் சொந்த இன்டர்ஃபெரான் புரதத்தையே முடக்கும் ஆன்டிபாடி இருப்பதாக 2020இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. அந்த 101 பேரில் 95 பேர் ஆண்கள். மருத்துவமனைகள் பலவும் ஆய்வுக்கூடங்கள் பலவும் மாதிரிகளைப் பகிர்ந்திருக்காவிட்டால் அது வெளிப்பட்டிருக்காது. பதவியில் மூத்தவர் சொல்வதே சரி என்று கூட்டத்தை முடிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. இளைய தொழில்நுட்பர் ‘அன்னைக்கு மெஷின்ல காத்துக்குமிழி இருந்துச்சு’ என்று அஞ்சாமல் சொல்லும் கூட்டமே நல்ல கூட்டம்.

17. ஆராய்ச்சியில எனக்கு ஏதாவது நோய் இருக்குன்னு தெரிஞ்சா சொல்வாங்களா?

அது சம்மதத் தாளில் எழுதியபடி. ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சி முடிவு நோயறிவிப்பு அல்ல. சிகிச்சையைத் தீர்மானிக்க, அங்கீகாரம் பெற்ற மருத்துவ ஆய்வுக்கூடத்தில் புதிய மாதிரி கொண்டு உறுதிப்படுத்த வேண்டும். மருத்துவத்தால் ஏதும் செய்ய முடிந்த கண்டுபிடிப்பு என்றால் மருத்துவர் வழியாகச் சொல்வது என்றும், ஆய்வுக்கூடத்தவர் நேரே நோயாளியை அழைப்பதில்லை என்றும் குழு முன்கூட்டியே முடிவு செய்து எழுதிவைக்க வேண்டும்.

18. கட்டுரையில யார் பேரு முதல்ல வரணும்? இதுலதான் சண்டை வருது.

முதல் மாதிரி எடுக்கும் முன் எழுத்தில் பேசிவிடுங்கள். மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு நான்கு நிபந்தனைகளை வைத்திருக்கிறது: திட்டம், தரவு, ஆய்வு ஆகியவற்றில் கணிசமான பங்கு, எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழு வேலைக்கும் பொறுப்பு. நான்கும் இருந்தால் ஆசிரியர். துறைத் தலைவர் என்பதால் மட்டும் பெயர் சேர்ப்பது தவறு. அதைவிடப் பெரிய தவறு, நூற்றுக்கணக்கான மாதிரிகளைப் பிரித்து முடிவையும் விவாதித்த தொழில்நுட்பரை நன்றியுரையில் ஒரு வரியோடு நிறுத்துவது. அவருக்கு வரைவைப் படித்துத் திருத்தும் வாய்ப்பைக் கொடுங்கள். மீதி நிபந்தனைகளை அவரே நிறைவேற்றுவார். இரு துறையின் பங்கும் சமம் என்றால் முதலிடத்தை இருவர் பகிரலாம். பங்களிப்பை 14 வகையாகப் பிரித்து எழுதும் முறையையும் பல இதழ்கள் ஏற்கின்றன.

19. எஸ்டிபிஎம் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) முடிச்ச பிள்ளைக்கு இதுல ஆர்வம். உயிரியல் படிக்கணுமா, கம்ப்யூட்டர் படிக்கணுமா?

ஒன்றில் ஆழமாக இருக்கட்டும். மற்றதில் கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும். உயிர்மருத்துவ அறிவியல், மருத்துவம், மருந்தியல், கணினி, புள்ளியியல் எந்த வாசலில் நுழைந்தாலும் இந்தத் துறைக்கு வரலாம். உயிரியல் படிப்பவர் முதலாண்டிலிருந்தே ஆர் அல்லது பைத்தான் நிரல்மொழி ஒன்றைக் கற்றுக்கொண்டு, தன் ஆய்வுக்கூடப் பயிற்சியின் எண்களை அதிலேயே கணக்கிட்டுப் பழகலாம். கணினி படிப்பவர் விடுமுறையில் ஒரு ஆய்வுக்கூடத்தில் சில வாரம் நின்று, ஒரு ரத்த டியூப் எண்ணாக மாறும்வரை கூடவே இருந்து பார்க்க வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகத்திலும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலும் ஆய்வுக்கூடத் தலைவர்களின் மின்னஞ்சல் முகவரி துறைப் பக்கங்களில் இருக்கும். எழுதும்போது அவர்களுடைய கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு, அதைப் பற்றி ஒரு குறிப்பான கேள்வியோடு எழுதச் சொல்லுங்கள். பொதுவான விண்ணப்பங்களுக்குப் பதில் வருவது குறைவு. குறிப்பான கேள்வியோடு போகும் கடிதத்துக்குப் பதில் வரும் வாய்ப்பு அதிகம்.